கைக்குழந்தை, படுக்கையில் அத்தை, மச்சில் பாதிப் படம்

கேள்வி:

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள் நான். வயது 31. கல்யாணமாகி அம்பாசமுத்திரம் பக்கம் வந்துவிட்டேன். எண்ணெய் வண்ணத்தில் பெரிய படங்கள்தான் வரைந்து பழக்கம். இப்போது பெண்பிள்ளைக்கு ஏழு மாதம். நான்கு மாதத்துக்கு முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். கணவர் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். இரண்டு பேரையும் பார்ப்பது நான்தான். மச்சில் மூன்றடிக்கு நாலடி படம் ஒன்று பாதியில் நிற்கிறது. டர்ப்பன்டைன் வாடை பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா சத்தம் போடுகிறாள். பென்சிலைப் பிடித்தாலே கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் பிள்ளையையும் அத்தையையும்தான் வரையத் தோன்றுகிறது. அதெல்லாம் ஒரு வேலையா என்றும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடட்டுமா?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்:

மூட்டை கட்ட வேண்டாம். எண்ணெய் வண்ணத்தை மட்டும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கற்ற முறை, யாரும் குறுக்கே வராத நாலு மணி நேரத்தை நம்பி நிற்கிற முறை. கல்லூரியில் அது கிடைத்தது. இப்போது உங்கள் பகல் பத்து நிமிடமும் இருபது நிமிடமுமாக உடைந்து கிடக்கிறது. அந்தத் துண்டுகளை ஒட்டவைக்கப் பார்த்தால் நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். எந்த நிமிடம் எழுந்து போனாலும் கெடாமல், திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் தொடர்கிற மாதிரி வேலையை மாற்றிக் கட்டுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

முதலில் டர்ப்பன்டைன். அம்மா சொல்வது சரி. அது ஆவியாகிற சரக்கு. மூடிய அறையில் அந்த ஆவி தங்கும், கைக்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்கும். வாடையில்லாத தின்னர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். வாடைதான் குறையும், ஆவி இருக்கத்தான் செய்யும். குடித்த தண்ணீர் பாட்டிலில் அதை ஊற்றி வைக்கிற பழக்கம் பல ஓவியர்களிடம் உண்டு. தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதைச் செய்யவே கூடாது. ஒரு வாய் போனாலும் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். எண்ணெய் வண்ணத்தில் இருக்கிற ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவதும் ஆபத்து. அந்த எண்ணெய் காற்றில் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றியது உண்டு. மச்சில் பழைய துணி எதுவும் சுருண்டு கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

பால் கொடுக்கிற காலத்தில் நிறத்தையும் பார்த்து வாங்க வேண்டும். ஈய வெள்ளை, குரோம் மஞ்சள் இரண்டிலும் ஈயம் உண்டு; உடம்புக்குள் போன ஈயம் தாய்ப்பாலிலும் வரும். கேட்மியம் மஞ்சள், கேட்மியம் சிவப்பும் இப்போதைக்கு வேண்டாம். குழாயின் பின்பக்கம் சின்ன எழுத்தில் நிறமியின் எண் இருக்கும். பிஒய்35, பிஆர்108 என்றால் கேட்மியம், பிடபிள்யூ1 என்றால் ஈய வெள்ளை. பொடி நிறமியைக் கரைப்பது, சாஃப்ட் பேஸ்டல் (சுண்ணக்கட்டி மாதிரி உதிர்கிற வண்ணக்குச்சி), ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே (வரைந்தது அழியாமல் இருக்க அடிக்கிறது) இந்த மூன்றும் தூசியாகவும் மூட்டமாகவும் காற்றில் பரவும், தரையில் படியும். பிள்ளை கையை ஊன்றுவதும் அதே தரையில்தான், அந்தக் கை நேரே வாய்க்குத்தான் போகும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

இனி வேலைக்கு எப்படி உட்காருவது. முக்கூடல் பக்கமோ மேலப்பாளையம் பக்கமோ பீடி சுற்றுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இலை, தூள், நூல், கத்திரி எல்லாம் மடியில் இருக்கிற ஒரே சுளவுக்குள். தொட்டிலில் பிள்ளை அழுதால் சுளவை அப்படியே தூக்கி உயரத்தில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். திரும்பி உட்கார்ந்தால் அடுத்த நொடி கை வேலையில் இருக்கும். புகையிலைத் தூளோடு நாளெல்லாம் உட்காரும் அந்தப் பிழைப்பு உடம்பைக் கெடுப்பது. அதைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பட்டறை முழுவதும் ஒரு தட்டுக்குள் அடங்கியிருப்பதைத்தான் பாருங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு தட்டு வேண்டும். விளிம்புள்ள தாம்பாளமோ பிளாஸ்டிக் டிரேயோ போதும், ஒன்றரை அடிக்கு ஓரடி. அதில் வண்ணப் பெட்டி, தூரிகை மூன்று (ரவுண்டு 8, ரவுண்டு 4, அரை இஞ்சு ஃபிளாட்), ஒரு 2பி பென்சில், பழைய பருத்தித் துணி, திருகு மூடி போட்ட தண்ணீர்ப் பாத்திரம். தண்ணீருக்கு வீட்டில் குடிக்கிற டம்ளரை எடுக்காதீர்கள். அத்தை தாகத்துக்குக் கை நீட்டி எடுத்துவிடலாம். தட்டு இருக்க வேண்டிய இடம் பட்டாசலில், நீங்கள் நின்றால் தோள் உயரத்தில் ஒரு பலகை. மச்சில் வைத்தால் படி ஏறி எடுத்து வருவதற்குள் பிள்ளை முழித்துவிடும். எடுத்து உட்கார்ந்து முதல் கோடு போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த ஏற்பாடு உங்களுக்கு ஒத்துவராது என்று அர்த்தம்.

வண்ணம் எது? வாட்டர்கலரும், அதைவிடக் கெட்டியாக, அடியில் இருப்பதை மறைக்கிற குவாஷும். இரண்டும் காய்ந்த பிறகும் தண்ணீர் தொட்டால் கரையும், அதனால் பாதியில் எழுந்து போனாலும் நஷ்டமில்லை. குழாய் வண்ணத்தைச் சின்னக் குழிகளில் பிதுக்கி இரண்டு மூன்று நாள் காயவிட்டால் வாட்டர்கலர்ப் பெட்டி தயார். சாரல் காலத்தில் இன்னும் இரண்டு நாள் கூடப் பிடிக்கும். குவாஷில் ஒரு விஷயம்: ஈரத்தில் இருக்கிற நிறம் காய்ந்தால் மாறும், வெளிர் நிறங்கள் கொஞ்சம் கறுக்கும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். மறுநாள் அதே நிறத்தைக் கலக்க வேண்டியிருக்கும் என்பதால் தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, எதோடு எது என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். அத்தை கட்டிலருகே உட்காரும்போது, பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரம்புகிற வாட்டர் பிரஷ் ஒன்று உதவும். கொட்டுவதற்குப் பாத்திரம் இருக்காது.

அக்ரிலிக்கை நான் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் தட்டில் வைத்த வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டும், பிள்ளை அழுது நீங்கள் எழுந்தால் தூரிகை அதோடு சரி. அக்ரிலிக்தான் வேண்டுமென்றால் மூடி இறுகுகிற தட்டையான டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணியை மடித்துப் போட்டு, மேலே பேக்கிங்குக்குப் போடுகிற பட்டர் பேப்பரை விரித்து அதில் வண்ணத்தை வையுங்கள். மூடி வைத்தால் நாலைந்து நாள் காயாது. அதற்குமேல் துணி நாற்றமெடுக்கும், மாற்ற வேண்டும்.

தாள் 300 ஜிஎஸ்எம் கனத்தில், தடிமனாக வாங்குங்கள், கொஞ்சம் விலைதான். ஆனால் 22க்கு 30 இஞ்சு முழுத்தாளைப் பதினாறாக வெட்டினால் ஐந்தரைக்கு ஏழரை இஞ்சில் பதினாறு துண்டு வரும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாகச் சுருண்டு, குழியில் நிறம் தேங்கும். நிதானமாக இருந்தால் சமாளிக்கலாம், எழுந்து எழுந்து போகிறவர்களால் முடியாது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். நிறுத்தத் தெரிய வேண்டும். பெரிய பரப்பை ஈரமாக்கிவிட்டு எழுந்து போனீர்கள் என்றால், திரும்பி வரும்போது அது அரைக்காய்ச்சலில், அதாவது பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும். அப்போது தண்ணீர்த் தூரிகை பட்டால் நிறம் தள்ளப்பட்டு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி வரம்பு கட்டிவிடும். உள்ளே வருகிற புதுத் தண்ணீர், காய்ந்துகொண்டிருக்கிற நிறமியைக் காய்ந்த எல்லைவரை நகர்த்துவதால் வருவது அது. எனவே அரைக்காய்ச்சலில் தொடவே தொடாதீர்கள். ஒன்று முழுக்கக் காயட்டும், இல்லையென்றால் எழும்போதே துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போங்கள். படத்தையும் பத்து நிமிடத்தில் முடிகிற பகுதிகளாகப் பென்சிலில் பிரித்துக்கொள்ளுங்கள்: தலையணை ஒன்று, சேலை மடிப்பு ஒன்று, சுவரின் நிழல் ஒன்று. எழுவதற்கு முன் தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி: "அடுத்து: முழங்கைக்குக் கீழ் நிழல், அல்ட்ராமரைன் + பர்ன்ட் சியன்னா, காய்ந்த பிறகு." திரும்பி வந்து "எங்கே விட்டேன்" என்று படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற நேரம்தான் பத்து நிமிடத்தில் ஐந்தைத் தின்கிறது. இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு பகுதியை முழுக்க முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த கோடு எது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தினால், மறுபடி உட்கார மனசு தயங்காது.

சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ரூத் அசாவா (1926-2013) ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வீட்டில் கம்பிச் சிற்பங்கள் பின்னினார். 1947இல் மெக்சிகோவின் டொலுக்காவில் முட்டைக்கூடை பின்னுகிறவர்களிடம் பார்த்துக் கற்ற கண்ணிப் பின்னல் அது. கம்பி காயாது, எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம், எந்தக் கண்ணியிலும் தொடரலாம். இன்றைக்கு அவை பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. ஊடகத்தைத் தேர்ந்ததிலேயே அவருடைய வாழ்க்கை இருக்கிறது.

நேரத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், புண் வராமல் இருக்க. சாப்பாடு கொடுத்தபின் அரைமணி நேரமாவது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். உடனே படுக்கவைத்தால், விழுங்குவதில் தடுமாற்றம் இருப்பவர்களுக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகலாம். அந்த அரைமணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், ஆனால் கை சும்மா இருக்கும். மூன்று வேளைக்கு மூன்று அரைமணி நேரம். பிள்ளை தூங்குகிற நேரத்தை நம்பாதீர்கள், ஏழாம் மாதத்தில் அது நாளுக்கொரு மாதிரி இருக்கும். அத்தையின் இந்த அரைமணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலைகளையும் நேரத்துக்கு ஏற்பப் பிரித்து வையுங்கள். தாள் வெட்டுவது, ஓரத்துக்கு டேப் ஒட்டுவது, நிறம் கலந்து பார்ப்பது, பழைய படத்திலிருந்து கோடு எடுப்பது எல்லாம் ஐந்து நிமிட வேலை, தூக்கம் சொக்கும்போதும் செய்யலாம். ஒரு பகுதிக்கு நிறம் போடுவது, நேரே பார்த்து வரைவது இருபது நிமிட வேலை. எந்தப் படத்தைத் தொடர்வது, எதைக் கிழிப்பது, வரிசையில் எது முன்னால் என்று முடிவெடுக்க முழுசாக ஒரு மணி நேரமும் தெளிந்த தலையும் வேண்டும். அபூர்வமாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் தாள் வெட்டிக்கொண்டிருப்பதும், ராத்திரி பதினொரு மணிக்கு அரைத்தூக்கத்தில் "இது தேறாது" என்று படத்தைக் கிழிப்பதும்தான் எல்லோரும் செய்கிற தவறு. தூக்கம் கெட்டவர்களுக்குக் கை மட்டுமல்ல, மதிப்பிடுகிற புத்தியும் தடுமாறும். ராத்திரியில் எதையும் கிழிக்காதீர்கள்.

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும் என்றால், உங்கள் கணவரிடமிருந்துதான். "முடிஞ்சப்ப பாத்துக்கோங்க" என்று கேட்டால் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அத்தையைப் புரட்டுவது, பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுப்பது இரண்டும் அவர் வேலை. முந்தின நாளே ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள். பாலை எடுத்து வைப்பதானால் நம் ஊர் வெக்கையில் வெளியே வேண்டாம், ஃபிரிட்ஜில் வையுங்கள். நீங்கள் மச்சுக்குப் போய்விடுங்கள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் பால் சுரக்கும், மனசு கீழே போய்விடும், தாயின் உடம்பு அப்படி. அதனால் அழ ஆரம்பித்தால் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்விட்டு வரட்டும். மூன்று மணி நேரம் பெரிது என்று அவர் யோசித்தால் ஒன்றரையில் ஆரம்பியுங்கள். ஆனால் வாரம் தவறக்கூடாது.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021இல் தொடங்கியது) இயன்முறைப் பயிற்சியும் படுக்கை நோயாளிக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர்கள் வந்து கைகால் அசைக்கக் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், பிறகு அதையே வீட்டில் செய்யலாம்.

மணிக்கட்டு வலி. கட்டைவிரல் பக்கம் என்று சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைக் கக்கத்தில் கட்டைவிரலை அகட்டி வைத்துத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கத்துத் தசைநாண் உறை வீங்குவது புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வரும். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் சுரீரென்று இழுக்கும். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு கையைப் பிள்ளையின் பிட்டத்துக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். சாதாரண மணிக்கட்டுப் பட்டை பயன்படாது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட் வேண்டும். அத்தையைப் புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்த பக்கத்துத் தோள்மூட்டு நழுவிவிடும், உங்கள் மணிக்கட்டும் போகும். பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை போட்டு வைத்தால், அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்தே புரட்டலாம். பென்சிலுக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிப் பருமனாக்குங்கள். பிடி தளரும், வலி குறையும்.

பிள்ளையையும் அத்தையையும் வரைவது ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான், சந்தேகமே வேண்டாம். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் 1903இல், இறந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயைப் படமாக்க, ஏழு வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்தித் தன்னையே கண்ணாடியில் பார்த்து வரைந்தார். பிள்ளையின் கனத்தைத் தாங்கிய உடம்பின் வளைவு அந்தப் படத்தில் தெரியும். நீங்களும் அத்தையின் உடம்பை நாளெல்லாம் தாங்குகிறீர்கள். விழாத இடது கை விழுந்த வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதை, ஸ்பூனைப் பார்த்து வாய் திறப்பதற்கு முன் கன்னம் ஒரு பக்கம் மட்டும் அசைவதை, வேறு எந்த ஓவியரும் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது. அதே நேரம், இதை மட்டும்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. படுக்கையறைக்கு வெளியே எதையாவது வரைய ஆசை வந்தால் அதுவும் நல்லது. தட்டட்டியில் நின்றால் தெரிகிற பொதிகை மலையை வரையுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. அத்தையிடம் கேளுங்கள். பேச்சுத்தான் குழறல், இடது கையும் கண்ணும் பதில் சொல்லும். ஒவ்வொரு தடவையும் காகிதத்தைக் காட்டி, "வரையட்டுமா அத்தை?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், முடித்ததைக் காட்டுங்கள். துணி மாற்றும்போது, துடைக்கும்போது வரைய வேண்டாம். அவர்கள் முகம் தெரிகிற படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் உங்கள் மனநிலையைப் பற்றி எழுதவில்லை. அழுகை, எதிலும் நாட்டமின்மை, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வராமை, "நான் எதற்கு" என்ற நினைப்பு இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும், சிகிச்சையில் குணமாகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மழைக்காலத்தில் வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், ராத்திரி திறந்தே வைத்துக் காலையில் மூடுங்கள். முடிந்த தாள்களை டிரங்குப் பெட்டியில் போடும்போது அந்துருண்டை வேண்டாம், பிள்ளை வாயில் போட்டால் விஷம்.

கடைசியாக மச்சில் நிற்கும் படம். அதைச் சுருட்ட வேண்டாம், சுருட்டினால் காய்ந்த எண்ணெய்ப் பூச்சு வெடிக்கும். படம் சுவரோடு ஒட்டாமல், தரையில் செங்கல் இரண்டு வைத்து அதன் மேல் நிறுத்தி, பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். பாலித்தீன் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். முழு இருட்டிலும் வைக்க வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். மாதம் ஒருமுறை சேலையை எடுத்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் ஒரு பகல் வைத்தால் போதும். பிள்ளைக்குச் சொன்னால் கேட்கிற வயது வந்து, மச்சுக் கதவைத் தாழ் போட முடிகிறபோது அதைத் திறங்கள். ஈரத்துணியால் தூசியை மட்டும் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசியில் பழைய நிறமி இருக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு அதன் மேல் வரையுங்கள். அப்போதுதான் புதுப் பூச்சு பழைய பூச்சில் ஒட்டும். தூரிகை கழுவ அப்போதும் டர்ப்பன்டைன் தேவையில்லை. சூரியகாந்தி எண்ணெயில் அலசி, துணி சோப்புப் போட்டு அங்கணத்தில் கழுவினால் போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் மறக்காமல் நனைத்துவிடுங்கள்.